மழைதான் நம் தேனீக்குக் குளிர்காலம்

இடுக்கி மலைகளிலும் பாலக்காட்டுக் கிழக்கு எல்லையிலும் குடியிருக்கும் நம்மவர்களில், வீட்டோடு இரண்டு மூன்று தேனீப் பெட்டிகள் வைத்திருப்போர் உண்டு. மாசி, பங்குனியில் தேன் எடுத்து, உற்றார் உறவினருக்குக் கொடுத்தது போக மிச்சத்தை விற்று நாலு காசும் பார்த்திருப்பார்கள். ஆனால் ஆவணி பிறந்து மழை வெறித்த பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே ஈ இருக்காது. கறுத்துப்போன அடையும், அதில் நெளியும் அந்துப்பூச்சிப் புழுவும்தான் மிஞ்சியிருக்கும். "நமக்குத் தேனீ ராசியில்லை" என்று பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டவர்களும் இருக்கிறார்கள். ராசிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அந்த ஈக்கள் பசியால் போனவை. ஆனி, ஆடி மாதங்களில் யாரும் அவற்றுக்குச் சோறு போடவில்லை என்பதுதான் காரணம்.

மலையாளத்தில் ஆடி மாதத்தைக் கர்க்கடகம் என்பார்கள். வேலையும் விளைச்சலும் இல்லாமல் மனிதர்கள் அரைவயிற்றுக் கஞ்சி குடித்த காலத்தில் அதற்குப் 'பஞ்ஞக் கர்க்கடகம்' என்றே பெயர். மனிதர்களுக்கு அந்தப் பஞ்சம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தேனீக்கு ஆண்டுதோறும் அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

குளிர்நாட்டுத் தேனீ என்ன செய்கிறது?

கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம் உறவினர்கள், அங்கே தேனீ வளர்ப்பவர்கள் குளிர்காலத்துக்கு முன் பெட்டிகளைப் போர்த்தி வைப்பதைப் பார்த்திருக்கலாம். அந்நாடுகளில் நாலைந்து மாதம் பூவே கிடையாது. குளிர் கூடியதும் தேனீக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்துபோல் கொத்தாகத் திரள்கின்றன. இறகை அசைக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைத்துச் சூடு உண்டாக்குகின்றன. வெளியே பனி உறைந்து கிடந்தாலும் கொத்தின் நடுவில் 20 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு இருக்கும். இந்தச் சூட்டுக்கு விறகு, சேமித்து வைத்த தேன்தான். ஒரு கூட்டத்துக்கு இடத்துக்குத் தக்கபடி 20 முதல் 40 கிலோ வரை தேன் வேண்டியிருக்கும். வளர்ப்பவர் அதை எடுத்துக்கொண்டால், பதிலுக்கு இலையுதிர்காலத்திலேயே கெட்டியான சர்க்கரைப் பாகு கொடுத்து ஈடு கட்ட வேண்டும்.

அந்நாட்டினர் அனுபவத்தில் கண்ட இன்னொரு உண்மையும் உண்டு. குளிர் மட்டும் தேனீயைக் கொல்வது அரிது. பசியும் ஈரமுமே கொல்கின்றன. தேனீ விடும் மூச்சிலுள்ள நீராவி, பெட்டியின் குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகிக் கொத்தின் மேல் சொட்டினால் கூட்டம் அழியும். ஆகவே மேல்மூடிக்குக் கனமான காப்பும், பெட்டிக்குக் காற்றுப் போக்கும் அவசியம் என்கிறார்கள். வயிற்றுக்கு உணவு, உடம்புக்கு ஈரமின்மை என்னும் இந்த இரண்டும் நம் மழைக்காலத்துக்கும் அப்படியே பொருந்தும்.

நம் தேனீயின் ஓராண்டு

நம் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வோம். மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் பல அடைகளை அடுக்கிக் கட்டும் இனம் இது. இதைப் பெட்டியில் வளர்க்கும் முறை தென்னாட்டில் பரவியதற்கு 1911 முதல் 1917 வரை உழைத்த பாதிரியார் நியூட்டன் ஒரு காரணம். அவர் பெயரால் வழங்கும் சிறிய பெட்டி இன்றும் புழக்கத்தில் உள்ளது. அடுத்து 1920-களில், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஏழை உழவர்களுக்கு இதைத் துணைத் தொழிலாகக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கும் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்கள் லாரிகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கு வருகிறார்கள்.

கேரளத்தில் தேனீயின் ஆண்டை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை தேன் காலம். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறும். நாம் ரப்பர் தேன் என்று சொல்வது பூவிலிருந்து வருவதல்ல. இந்தத் தளிரிலிருந்து வருவதே. ஜூன் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை பஞ்ச காலம். மழை விட்டதும் டிசம்பர் வரை வளர்ச்சிக் காலம்.

பஞ்ச காலத்தில் நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அடைமழையில் தேனீ பறக்க முடியாது. இடையில் வெயில் அடித்துப் பறந்தாலும், பல பூக்களில் மதுரத்தை மழை கழுவிவிட்டிருக்கும்; மகரந்தம் நனைந்து கிடக்கும். மகரந்தம் வராவிட்டால் புழுக்களுக்கு ஊட்ட உணவில்லை. உணவில்லை என்று கண்டதும் ராணி முட்டையிடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விடும். பணித் தேனீயின் ஆயுள் ஆறு வாரம் அளவுதான். புதியவை பிறக்காமல் பழையவை மடிந்துகொண்டே போனால் இரண்டு மாதத்தில் கூட்டம் கைப்பிடி அளவாகிவிடும். அதற்கும் முன்பே, 'இங்கே பிழைப்பில்லை' என்று எல்லாமாகச் சேர்ந்து கூட்டைவிட்டு ஓடிப்போவதும் உண்டு. இந்தியத் தேனீக்கு இந்தக் குணம் சற்று அதிகம். தோட்ட வேலை இல்லாத ஊரைவிட்டு நம் முன்னோர் குடும்பத்தோடு மலை ஏறியதைப் போலத்தான் இதுவும். அதன்மேல் கோபப்பட நியாயமில்லை.

கடைசி அறுவடையில் கை அடக்கம்

மழைக்கால ஏற்பாடு ஏப்ரலிலேயே தொடங்குகிறது. தேன் காலம் முடியும் தறுவாயில் எடுக்கும் கடைசித் தேனில்தான் பலர் கூட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மேலேயுள்ள தேன் அறையில் இருப்பது நமக்கு. கீழேயுள்ள புழு அறையில் இருப்பது தேனீக்கு என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. புழு அறைச் சட்டங்களின் மேல் விளிம்பில் வளையமாகத் தேன் நிற்கும். அது அவற்றின் நெல் குதிர். விதைநெல்லைக் குத்தித் தின்ற வீடு எப்படி உருப்படும்?

அறுவடை முடிந்ததும் வெறுமையான தேன் அறையை எடுத்துவிட வேண்டும். காலி அறைகளைக் காவல் காக்க ஈக்கள் போதாமல், அங்கேதான் அந்துப்பூச்சி முட்டையிடும். எடுத்த அடைகளைப் பூச்சி புகாதபடி காகிதத்தில் சுற்றி மூடிய பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கு உதவும். கீழறையிலும் ஈக்கள் மூடி நிற்கும் சட்டங்களை மட்டும் நெருக்கமாக வைத்து, மீதி இடத்தைத் தடுப்புப் பலகையால் அடைத்துவிடுங்கள். சிறிய குடும்பத்துக்குச் சிறிய வீடு போதும், சூடும் நிற்கும். புழு வளரும் இடத்தைத் தேனீ 34, 35 பாகைச் சூட்டில் வைத்திருக்கப் பாடுபடுகிறது. வீட்டில் காலி இடம் கூடக்கூட, அந்தச் சூட்டுக்காக அது செலவிடும் தேனும் கூடும்.

கூட்டம் மிகவும் இளைத்திருந்தால் அதைத் தனியாக மழைக்குள் அனுப்ப வேண்டாம். இரண்டு இளைத்த கூட்டங்களை ஒன்றாக்கிவிடலாம். இரண்டில் சோடையான ராணியை நீக்கி, ஒரு பெட்டியின் மேல் சிறு துளைகள் இட்ட செய்தித்தாளை விரித்து, மற்றதை அதன்மேல் வையுங்கள். காகிதத்தைக் கடித்து வழி செய்வதற்குள் இரண்டின் வாசனையும் கலந்து, சண்டையில்லாமல் சேர்ந்துவிடும்.

சர்க்கரைப் பாகு

பஞ்ச காலத்தில் ஓர் இந்தியத் தேனீக் கூட்டத்துக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் அளவு. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய 13 வாரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2 கிலோ 600 கிராம். நன்றாகப் பேணிய ஒரு பெட்டி ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ தேன் தரக்கூடியது. வரவையும் செலவையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்முறை இதுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, எடைக்கு எடை வெள்ளைச் சர்க்கரை போட்டுக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். அடுப்பில் வைத்துச் சர்க்கரையைக் காய்ச்சக் கூடாது. கருகினால் தேனீக்கு ஆகாது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை நமக்கு நல்லவை என்பதால் தேனீக்கும் நல்லவை என்று எண்ண வேண்டாம். அவற்றின் கசடு தேனீக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும், விரைவில் புளிக்கவும் செய்யும். கடையில் வாங்கிய தேனையும் ஊற்ற வேண்டாம். எங்கோ நோயில் விழுந்த கூட்டின் தேனாக அது இருந்தால், நோயும் உங்கள் பெட்டிக்குள் வந்துவிடும்.

ஊற்றிவைக்கத் தேங்காய்ச் சிரட்டையே போதும். பாகின்மேல் சில ஈர்க்குச்சிகளை மிதக்கவிட்டால், ஈக்கள் அதன்மேல் உட்கார்ந்து மூழ்காமல் குடிக்கும். வாயில் துணி கட்டிக் கவிழ்த்த சிறு புட்டியும் பயன்படும். கவனிக்க வேண்டியவை நான்கு.

1. பாகைப் பெட்டிக்கு உள்ளேதான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் எறும்பும் அடுத்த கூட்டத்து ஈயும் வரும்.

2. மாலை மங்கிய பிறகு வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வாசனை பிடித்துக் கொள்ளை தொடங்கும். வலுத்த கூட்டம் இளைத்த கூட்டத்தைச் சூறையாடுவது கண்ணெதிரே நடக்கும்.

3. எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும். ஒன்றுக்கு ஊட்டி ஒன்றைப் பட்டினி போட்டாலும் கொள்ளைதான்.

4. மறுநாள் மீந்திருக்கும் பாகை எடுத்துக் கொட்டிவிட்டுச் சிரட்டையைக் கழுவ வேண்டும். புளித்த பாகு நஞ்சுக்குச் சமம்.

குளிர்நாட்டில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை சேர்க்கிறார்களே, நாம் ஏன் சமமாகச் சேர்க்கிறோம் என்று கேட்கலாம். அங்கே மாதக்கணக்கில் சேமித்துவைக்கக் கொடுக்கிறார்கள். நீர் அதிகமிருந்தால் அதை வற்றவைக்கும் வேலை தேனீக்குக் கூடும். நாம் கொடுப்பது அந்தந்த வாரம் சாப்பிட்டு முடிப்பதற்கு. நீர்த்த பாகு பூவின் மதுரம் போலிருப்பதால் ராணியும் முட்டையிடத் தூண்டப்படும்.

சர்க்கரை வயிற்றை நிரப்புமே தவிரப் புழுவை வளர்க்காது. அதற்கு மகரந்தம் வேண்டும். வீட்டைச் சுற்றித் தென்னை இருந்தால் ஆண்டு முழுவதும் பாளை விரியும். அது பெரிய கொடை. நாம் களை என்று வெட்டியெறியும் தொட்டாச்சிணுங்கியும் மழைக்காலத்தில் மகரந்தம் தருவதே. வேலியோரத்தில் கொஞ்சத்தை விட்டுவைத்தால் புண்ணியம்.

நனையாமலும் புழுங்காமலும்

பெட்டியைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், உறுதியான காலின்மேல் வையுங்கள். வாசல் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கட்டும். உள்ளே வடியும் தண்ணீர் தானே வெளியேறும். மேல்மூடிக்கு மேலே, நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி தகரமோ ஓலைக் கீற்றோ கெட்டித் தாளோ போட்டு, காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். வாசலைச் சிறிதாக்கினால் சாரலும் குளவியும் தடுக்கப்படும்.

ஆனால் பெட்டி முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிவிடாதீர்கள். அக்கறையால் செய்யும் இந்தக் காரியம் ஆபத்தாக முடியும். உள்ளே நீராவி தங்கி, வேர்த்து, அடையில் பூஞ்சணம் பிடிக்கும். கனடாக்காரர் சொல்வதை நினைவில் கொள்ளுங்கள்: காப்பு தலைக்கு மேலே, காற்று உள்ளும் புறமும். சட்டங்களின்மேல் உலர்ந்த கோணிச் சாக்கை மடித்துப் போட்டு மூடியை வைத்தால் சூடு நிற்கும்; ஈரத்தையும் சாக்கு உறிஞ்சும். நனைந்தால் மாற்றிவிடுங்கள்.

கொட்டும் மழையில் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. பின்பக்கமாகச் சற்றுத் தூக்கி எடை பார்த்தாலே உள்ளிருப்பு தெரிந்துவிடும். வெயில் தெளிந்த நண்பகலில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் திறந்தால் போதும். முட்டை இருக்கிறதா, அடையில் பூச்சி இருக்கிறதா, சுரப்பு இருக்கிறதா என்று பார்த்து உடனே மூடிவிடுங்கள். அடிப்பலகையைக் கூட்டிச் சுத்தம் செய்ய மறக்க வேண்டாம். அங்கே சேரும் மெழுகுத் தூளில்தான் அந்துப்புழு வளர்கிறது. எறும்புக்காகக் கால்களின் கீழே வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் மழையில் நிரம்பி வழிந்து, இலை விழுந்து, எறும்புக்கே பாலமாகிவிடும். அதையும் கவனியுங்கள்.

மலைக்கு ஒன்று, எல்லைக்கு ஒன்று

கேரளம் முழுவதற்கும் ஒரே கணக்குப் போட முடியாது. பீர்மேடு, வண்டிப்பெரியார் பக்கம் மழை கொட்டும்போது, மறையூரும் காந்தளூரும் மழை மறைவில் இருக்கும். உங்கள் ஊரில் மகரந்தம் சுமந்து ஈக்கள் வருவது எப்போது நிற்கிறதோ, அப்போதுதான் உங்களுக்குப் பஞ்ச காலம். வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரியும். மூணாறு, தேவிகுளம் போன்ற இடங்களில் மழைக்குப் பின் மார்கழி, தைக் குளிரும் இருக்கிறது. சில இரவுகளில் உறைபனியே விழும். அங்கே கோணிச் சாக்கை மாசி வரை எடுக்க வேண்டாம்.

வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, குமுளிப் பகுதிகளில் ஏலம் பூப்பது இந்த மழை மாதங்களில்தான். ஏலப்பூ விடிகாலையில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். பசியில் ஒடுங்கிய கூட்டத்தில், வெயில் முகம் காட்டும் இரண்டு மணி நேரத்தில் பறந்துபோக ஆளிருக்காது. நாம் ஊற்றும் பாகு அந்தப் படையைத் தயாராக வைத்திருக்கிறது. ஆகவே ஏலத் தோட்டத்துக்காரருக்கும் இது சொந்த இலாபம். தோட்டத்தில் வேலை செய்யும் நம்மவர்கள் மேற்பார்வையாளரிடம் துணிந்து ஒன்று சொல்லலாம்: மருந்து அடிப்பதாயிருந்தால் காலையில் வேண்டாம், தேனீ நடமாட்டம் ஓய்ந்த பிற்பகலில் அடிக்கலாம். காலையில் அடித்தால் பூச்சியோடு காயும் போகும்.

பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியான சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்தில் மழை குறைவு, தென்னையும் உண்டு. அங்கே தொல்லை காற்று. கார்த்திகை முதல் தை வரை கணவாய் வழியாகக் கோவைப் பக்கமிருந்து வரும் வறண்ட கீழைக்காற்று, பறந்து திரும்பும் ஈயைத் தள்ளிக்கொண்டு போய்விடும். வாசலைக் கிழக்கு நோக்கி வைக்காமல், சுவரோ வேலியோ மறைக்கும் இடத்தில் பெட்டியை வையுங்கள். முதலமடையில் மா பூக்கும் காலமும் அதுவே. மாந்தோப்பில் மருந்தடிக்கும் நாள் முன்கூட்டித் தெரிந்தால், முதல் நாள் இரவே வாசலைக் காற்றுப் போகும் வலையால் அடைத்து, நிழலில் வைத்து, உள்ளே தண்ணீர் வைத்து ஒரு நாள் காக்கலாம். சித்திரை வெயிலில் இப்பகுதிக்குத் தண்ணீரும் நிழலுமே பெரிய தேவைகள்.

1991-ஐ மறக்க வேண்டாம்

நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1991, 1992-இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. நூறு பெட்டி வைத்திருந்தவர்கள் வெறும் பலகைகளோடு நின்றார்கள். பிறகுதான் அந்நோய் தாக்காத இத்தாலியத் தேனீ கேரளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தப்பிப் பிழைத்த நாட்டுக் கூட்டங்களிலிருந்தே இன்று நம்மிடமுள்ள இந்தியத் தேனீ மறுபடி பெருகியது.

இந்நோயில், கூட்டுப்புழுவாக மாறும் முன்பே புழு செத்து, நீர் நிறைந்த சிறு பைபோல் கிடக்கும். மூடாத அறைகளில் தலை மேல்நோக்கி நிற்கும். இதற்கு மருந்தில்லை. நோய்ப்பட்ட சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாமலிருப்பது, ஒரு பெட்டியில் பயன்படுத்திய கருவியைக் கழுவாமல் மறு பெட்டியில் நுழைக்காமலிருப்பது, தாங்கி நின்ற கூட்டத்திலிருந்தே புதுக் கூட்டம் பிரிப்பது ஆகியவையே வழி. பட்டினியில் இளைத்த கூட்டத்தை எந்த நோயும் எளிதில் வீழ்த்தும் என்பதால், மழைக்கால உணவு ஒருவகையில் தடுப்பு மருந்தும் ஆகிறது.

பாகு தேனாகிவிடக் கூடாது

கடைசியாக, நம் நாணயத்தைப் பற்றிய ஒரு செய்தி. தேன் அறை பெட்டியில் இருக்கும்போது பாகு ஊற்றினால், தேனீ அதைக் கொண்டுபோய்த் தேன் அறையில்தான் நிரப்பும். பார்க்கத் தேன்போல் இருக்கும், தேன் அல்ல. 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கும் 13 வகைத் தேனைச் சோதித்ததில் 3 வகைகளே எல்லாச் சோதனைகளிலும் தேறின என்று அறிவித்தது. பெரிய வணிகத்திலேயே இந்த நிலை என்றால், தெரிந்தவர் வீட்டுத் தேன் என்று நம்பி நம்மிடம் வாங்குகிறவரின் நம்பிக்கைக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும்! ஆகவே விதி இதுதான்: பாகு இருக்கும்போது தேன் அறை இல்லை, தேன் அறை வைத்த பின் பாகு இல்லை. மழை விட்டு, பூ வந்து, ஈக்கள் தாமே உணவு கொண்டுவரத் தொடங்கியதும் பாகை நிறுத்திவிட வேண்டும்.

தையில் ரப்பர் தளிர்க்கும்போது பறந்துபோக வேண்டிய ஈ, கார்த்திகையிலேயே முட்டையாக இடப்பட்டிருக்க வேண்டும். முட்டை பணித் தேனீயாக ஏறத்தாழ 20 நாள்; கூட்டுக்குள் வேலை செய்து வெளியே பறக்க மேலும் இரண்டு மூன்று வாரம். கார்த்திகையில் அத்தனை முட்டைகளை வளர்க்க, ஐப்பசியிலேயே தாதி ஈக்கள் நிறைந்திருக்க வேண்டும். அதற்கு ஆடியில் கூட்டம் உயிரோடும் வலுவோடும் இருந்திருக்க வேண்டும். பங்குனியில் நாம் பிழிந்தெடுக்கும் தேன், ஆடியில் ஊற்றிய சிரட்டைப் பாகின் பலன் என்று சொல்வது இதனால்தான்.

பயிற்சி பெற விரும்புவோர் தங்கள் ஊர்க் கிருஷி பவனிலும், கதர் கிராமத் தொழில் அலுவலகத்திலும், பாம்பாடும்பாறை, மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்களிலும் விசாரிக்கலாம். லயத்து வாசலில் ஒரு பெட்டி வைக்க இடமில்லாத குடும்பம் இல்லை. வாரம் ஒரு மாலை, கால் மணி நேரம், ஒரு சிரட்டை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடமே இந்தப் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். பரணில் கிடக்கும் பழைய பெட்டியையும் இறக்கித் துடைத்து வையுங்கள்.